எல்லாம் சரி என்று எழுதாதே

மார்ச் 4

அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரை வந்துவிட்டாய் என்றால், இன்னும் கொஞ்சம் படி. கிழிக்க அவசரம் ஒன்றும் இல்லை.

உன் முகவரிக்காக நான் யாரிடமும் கெஞ்சவில்லை. கொஞ்சம்தான் கெஞ்சினேன். நம் பாட்டில் கம்பெனி ஆபீஸில் இருக்கும் கிளார்க் அம்மாவிடம் கேட்டேன். "உங்க அக்கா சர்டிபிகேட் கேட்டு எழுதின கவர் ஃபைல்ல கெடக்கு, நீயே பாத்துக்கோ, நான் குடுத்ததா இருக்க வேணாம்" என்றார். ஏழு வருஷம் நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியாமல் இருந்தேன். ஒரு பழைய கவரின் முதுகில் இருந்திருக்கிறாய்.

எனக்கு ஏழாம் மாதம். என் கல்யாணத்துக்கே நீ வரவில்லை, அதனால் அவரை உனக்குத் தெரியாது. வெளியூர் பஸ் ஓட்டுகிறார். ரோட்டில் அடிக்கிற ஹாரனை வீட்டில் அடிக்கமாட்டார், அவ்வளவு சாது. மாமியாரும் தங்கமானவர்கள். கேட்க வந்தது ஒன்றுதான்: பாப்பாவைச் சுமந்தபோது உனக்குக் கால் வீங்கியதே, எத்தனை நாளில் வடிந்தது?

போன வாரம் மருத்துவமனையில் நர்ஸ் ஒரு தாளைக் கொடுத்தார். மனசு எப்படி இருக்கிறது என்று பத்துக் கேள்விகள். இப்போது கர்ப்பிணிகள் எல்லோருக்கும் கொடுக்கிறார்களாம். பிரச்சினை இல்லை என்கிற கட்டமாகப் பார்த்து அரை நிமிஷத்தில் பத்துக்கும் டிக் அடித்து நீட்டிவிட்டேன். "இவ்வளவு வேகமா யாரும் முடிச்சதில்லம்மா" என்றார். அவருக்கு என்ன தெரியும், இது நீ பழக்கிவிட்ட கை.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நினைவிருக்கிறதா? வெள்ளை விளக்குக்கு முன்னால் பெல்ட்டில் பாட்டில்கள் வரிசையாகப் போகின்றன, விரிசல் பார்ப்பது நம் வேலை. ஒன்றில் மயிரிழை விரிசல். நான் பெரிய நேர்மைக்காரி மாதிரி தாளில் 'சந்தேகம்' என்று எழுதிவிட்டேன். பெல்ட் நின்றது. நாற்பது பேர் திரும்பி என்னையே பார்த்தார்கள். சூப்பர்வைசர் வந்து கத்திவிட்டுப் போனபிறகு நீ என் காதில் சொன்னாய்: "வாலு, சந்தேகம் வந்தா எடுத்துக் கால் கிட்ட இருக்கிற பெட்டியில போட்டுடு. தாள்ல எல்லாம் சரின்னுதான் எழுதணும்." அன்றிலிருந்து என் பெல்ட் நின்றதே இல்லை.

இன்னொன்று. உனக்கு அப்போது தூக்கம் வந்ததா? சும்மாதான் கேட்கிறேன்.

பாப்பாவுக்கு எட்டு வயசு ஆகியிருக்கும்.

வாலு


மார்ச் 15

உன் கடிதம் வந்தது.

வீக்கம் பிரசவத்துக்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு நாளில் வடியும். படுக்கும்போது தலையணை மேல் காலை வை. திடீரென்று அதிகமாக வீங்கினாலோ, தலைவலியோ கண் மங்கலோ வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போ. மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதே.

பாப்பா மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். உன்னை அவளுக்குத் தெரியாது. நான் ஒரு மாணவர் விடுதியில் சலவைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு இருநூறு படுக்கை விரிப்பு.

தூக்கம் வந்ததா என்று கேட்டிருக்கிறாய். அதை நீ கேட்பதுதான் வேடிக்கை. எட்டு மாதம் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்ததை, என் வீட்டிலேயே தங்கி நாள் தவறாமல் பார்த்தவள் நீ. ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில், என் வீட்டுக்காரர், அவர் அம்மா, அவர் தம்பி எல்லோர் முன்னாலும் சொன்னாய்: "பெத்துட்டா மட்டும் அம்மா ஆகிட முடியுமா? எழுந்து வந்து தூக்கணும்." வார்த்தை மாறாமல் எழுதியிருக்கிறேன். சரிபார்த்துக்கொள்.

அந்தத் தாளில் என்னென்ன கேட்டார்கள்? எழுது.

அக்கா


மார்ச் 23

அக்காவுக்கு,

சரிபார்த்துவிட்டேன். வார்த்தை மாறவில்லை.

ஆனால் அந்த மேஜைக்கு முந்தின நாட்களையும் நீ எழுதியிருக்க வேண்டும். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயசு. வேலை விட்டு ஓடி வருவேன். பாப்பா அழுது முகம் சிவந்து கிடப்பாள். நீ ஓர் அடி தூரத்தில் இருப்பாய், திரும்பமாட்டாய். "அக்கா, பாப்பா அழுறா" என்பேன். "தெரியும்" என்பாய். எனக்குக் கோபம் வராமல் என்ன வரும்? நீ மூட்டை கட்டிக்கொண்டு அந்த வீட்டை விட்டே போனபோது அவளையும் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். எட்டு மாதம் என் இடது தோளில் கிடந்தவள். அதற்கப்புறம் பல நாள் அந்தத் தோள் லேசாக இருந்தது. அந்த லேசு எனக்குப் பிடிக்கவே இல்லை, அக்கா. நீயும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சரி, சண்டையைத் தபால் செலவு செய்து போட வேண்டாம். தாளைக் கேட்டாய். சிரிப்பு வருகிறதா என்று ஒன்று. நாளைக்கு என்று எதையாவது ஆசையாக நினைக்கிறாயா என்று ஒன்று. தப்பு நடந்தால் உன்னையே திட்டிக்கொள்கிறாயா. காரணமில்லாத கவலை. காரணமில்லாத பயம். சின்ன வேலையும் மலையாகத் தெரிகிறதா. தூக்கம் கெடுகிற அளவுக்கு மனசு சரியில்லையா. சோகமாக இருக்கிறாயா. அழுகிறாயா. அவ்வளவுதான். இதற்கெல்லாம் போய் யார் 'ஆமாம்' என்று எழுதுவார்கள்? எழுதினால் குழந்தையைக் கையில் கொடுப்பார்களா?

மாமியார் தினமும் என் தலையைத் தடவி, "உனக்கென்னம்மா கொறச்சல், கொடுத்து வெச்சவ நீ" என்கிறார்கள். ஆமாம் என்று தலையாட்டுகிறேன். கொடுத்து வைத்தவள் எதற்காகக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்கிறாள் என்று அவர்கள் கேட்டதில்லை.

வாலு


ஏப்ரல் 2

வாலு,

நீ எழுதியதை மூன்று முறை எண்ணினேன். ஒன்பதுதான் வருகிறது. பத்துக் கேள்வி என்று எழுதியதும் நீதான். பத்தாவது எங்கே?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய், அதுவும் என்னிடம். அந்தத் தாளை எனக்கும் தெரியும். இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு டாக்டர் அம்மா என் முன்னால் வைத்தார். தன்னையே ஏதாவது செய்துகொள்ளலாம் என்று தோன்றியதா என்பதுதான் பத்தாவது. நான் 'ஆமாம்' என்று எழுதினேன்.

இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்றுதான் ஏழு வருஷம் இருந்தேன். இப்போது சொல்லாவிட்டால் நான் மனுஷியே இல்லை. எனக்கு வந்தது சோம்பல் இல்லை, திமிர் இல்லை. நோய். பிரசவத்துக்கு முன்னாலும் பின்னாலும் எத்தனையோ பேருக்கு வருகிறதாம். பாப்பா அழுவது எனக்குக் கேட்டது. கை எழும்பவில்லை. அவள் பக்கத்தில் நான் இல்லாவிட்டால் அவளுக்கு நல்லது என்று முழுசாக நம்பினேன். பதினோரு மாதம் மருந்து சாப்பிட்டேன். புதன்கிழமைகளில் நூலகத்து மாடியில் ஏழெட்டுப் பெண்கள் கூடுவோம். எல்லோரும் குழந்தை பெற்றவர்கள், எல்லோரும் சுவரைப் பார்த்தவர்கள். அதில் காய்கறி விற்கிற ஒருத்தி, முதல் நாளே என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஜொரம் வந்தா ஜொரம்னு சொல்றோம். இது வந்தா மட்டும் எதுக்குக் கெட்டவன்னு பேரு?" அன்றைக்குத்தான் நான் வாய்விட்டு அழுதேன்.

குழந்தையைப் பறித்துக்கொள்வார்கள் என்று பயப்படாதே. என்னிடமிருந்து யாரும் பறிக்கவில்லை. நான் அவளைத் தூக்கத்தான் அவர்கள் எல்லோரும் பாடுபட்டார்கள்.

சந்தேகம் வந்தால் பெட்டியில் போடு என்று சொன்னவள் நான்தான். அது பாட்டிலுக்குச் சொன்ன புத்தி. அதை உன் வயிற்றுப் பிள்ளை வரை நீ கொண்டுவருவாய் என்று எனக்குத் தெரியாது. மருத்துவமனைக்குப் போ. தாளை மறுபடி கேட்டு வாங்கு. பெல்ட் நிற்கட்டும். நாற்பது பேரும் பார்க்கட்டும்.

பதில் போடு.

அக்கா


ஏப்ரல் 25

பதில் இல்லை. திட்டியாவது ஒரு வரி எழுது.

அக்கா


மே 29

அக்காவுக்கு,

மே பதினேழாம் தேதி பையன் பிறந்தான். மூன்று கிலோ. சுகப்பிரசவம். உனக்குப் பஸ்ஸில் கார்டு கொடுத்து அனுப்பியதாக அவர் சொன்னார். பால் குடிக்கிறான். மாமியார் பார்த்துக்கொள்கிறார்கள். கால் வீக்கம் வடிந்துவிட்டது. அவன் அழுகிற சத்தம் பக்கத்து வீட்டிலிருந்து வருவது மாதிரி இருக்கிறது.

எல்லாம் சரி.

வாலு


ஜூன் 5

வாலு,

'எல்லாம் சரி.' உன் கையெழுத்தில் இந்த இரண்டு வார்த்தைகளைப் பக்கத்து நாற்காலியில் இருந்து வருஷக்கணக்காகப் பார்த்தவள் நான். அப்போதெல்லாம் உன் காலடிப் பெட்டி நிறைந்திருக்கும்.

முதலில் ஒரு பாவத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் வீட்டுக்காரர் பஸ்ஸில் அனுப்பிய கார்டு கிடைத்த அன்றே கிளம்பினேன். பதினோரு மணி நேரப் பயணம். மே பத்தொன்பது, சாயங்காலம், உன் வார்டு வாசல் வரை வந்தேன். ஜன்னலோரக் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். பையன் அழுதான். உன் தோள் அசையவில்லை. அந்த முதுகை ஊரில் வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் எனக்குப் புரிந்தது. உள்ளே வந்து உன்னைத் தூக்கி உட்கார வைத்திருக்க வேண்டும். படியிறங்கி ஓடிவிட்டேன். மறுபடி நானும் அதற்குள் விழுந்துவிடுவேனோ என்று பயம். அது மட்டும் என்று சொன்னால் பொய். "இப்பத் தெரியுதா?" என்று மனசுக்குள் ஒரு குரல் கேட்டது. அது என் குரல்தான். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். என் தசை ஆடியது, கால்தான் வெளியே ஓடியது.

இன்று டிப்போவுக்குப் போன் செய்து உன் வீட்டுக்காரரைப் பிடித்துப் பேசினேன். நல்ல மனுஷன். "டயர்டா இருக்கான்னு நினைச்சேன்க்கா" என்று குரல் உடைந்துவிட்டது. இனி உன்னை ஒரு நிமிஷமும் தனியாக விடமாட்டார், நாளைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போவார். உன் நம்பரையும் கொடுத்தார். மதியம் அழுத்தினேன். நீ எடுத்து "ஹலோ" என்றாய். ஏழு வருஷத்துக்கு அப்புறம் உன் குரல். எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பேசாத போன் நான்தான்.

பறந்து வந்துவிடுவேன். ஆனால் பாப்பாவுக்குச் சின்னம்மை. உடம்பெல்லாம் கொப்புளம். அவளை விட்டும் வர முடியாது, பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு அவளைக் கூட்டிக்கொண்டும் வர முடியாது. வரக்கூடிய நாளில் ஓடினேன், வரத் துடிக்கிற நாளில் கதவு அடைத்துவிட்டது.

அதனால் இந்தக் கவரை இங்கிருந்து கிளம்பும் பஸ் டிரைவர் கையில் கொடுக்கிறேன். காலையில் டிப்போவில் உன் வீட்டுக்காரர் கைக்கு வந்துவிடும், டிரைவர்கள் தங்களுக்குள் பேசி ஏற்பாடு செய்துவிட்டார்கள். கூடவே ஒரு தனித்தாள் வைத்திருக்கிறேன். நீ எதுவும் பேச வேண்டாம். அதை அந்த நர்ஸ் கையில் கொடுத்தால் போதும். அதில் இதுதான் இருக்கிறது:

"நர்ஸ் அம்மாவுக்கு. இவள் குழந்தை பிறப்பதற்கு முன் உங்களிடம் நிரப்பிக் கொடுத்த தாள் உண்மையில்லை. இவளுக்கு வாய் வராது. பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி கேளுங்கள். பத்தாவதைக் கட்டாயம் கேளுங்கள். இதே நோய் எனக்கும் வந்தது, குணமானேன். இப்படிக்கு, இவள் அக்கா."

நாளைக்குப் போ, என் செல்லமே. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா


ஜூன் 24

அக்காவுக்கு,

போனேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன், நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு படிப்பாய்.

உன் தாளைக் கொடுத்தேன். நர்ஸ் படித்தார். எழுந்து போய் என் பழைய தாளை எடுத்துவந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இத எழுதினது நீதானம்மா?" "நான்தான்." "பொய்யா எழுதினியா?" "பொய் இல்ல. பழக்கம்." அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு புதுத்தாளை எடுத்தார். போன தடவை அரை நிமிஷம் ஆன வேலைக்கு இந்தத் தடவை நாற்பது நிமிஷம் ஆனது. என் வீட்டுக்காரர் வெளியே பையனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டே இருந்தார், மூன்று பேர் வரிசையில் காத்திருந்தார்கள், ஒருவரும் என்னைப் பார்த்துக் கத்தவில்லை. பத்தாவதுக்கு வந்தபோது நர்ஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சொன்னேன், அக்கா. வாயைத் திறந்து சொல்லிவிட்டேன்.

அன்றைக்கே மூன்றாம் மாடிக்குக் கூட்டிப்போனார்கள். மனநல மருத்துவர் என்னைவிடச் சின்னவர் மாதிரி இருந்தார். பால் கொடுக்கும்போது சாப்பிடக்கூடிய மருந்து கொடுத்திருக்கிறார். வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை தனியாக இருக்கக்கூடாது என்று வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார். எந்த நேரம் மனசு மோசமானாலும் கூப்பிட ஒரு நம்பரும் கொடுத்தார். சமையலறை அலமாரியில் ஒட்டியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் உள்ளூர் ரூட்டுக்கு மாற்றிக்கொண்டுவிட்டார். மூன்றாம் நாள் மாமியார் பையனுக்குத் துணி மாற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்கள்: "எனக்கும் மூத்தவன் பொறந்தப்ப இப்படித்தான் இருந்துச்சு. யார் கிட்ட சொல்ல?" அதற்கப்புறம் கொடுத்து வைத்தவள் என்று சொல்வதில்லை.

முழுசாகச் சரியாகிவிட்டது என்று எழுதமாட்டேன். பத்து நாளில் நாலு நாள் தேவலை. மீதி ஆறு நாள் பழைய மாதிரிதான். நேற்று பையன் அழுதபோது சத்தம் இந்த வீட்டிலிருந்தே வந்தது. எழுந்து தூக்கினேன். பெரிய விஷயமில்லை, எல்லா அம்மாவும் செய்வதுதான். தூக்கினபிறகு உட்கார்ந்து அழுதேன், அது உன் நினைவில்.

உன் கை எழும்பாத நாளில் நான் மேஜையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னேன். எழுந்து தூக்கணும் என்று. நீ எழ முடியாதவள் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் சொன்னேன் என்றால் சரியாகிவிடுமா? ஆகாது. என்னை மன்னித்துவிடு. ஏழு வருஷமாக இதை எழுதி எழுதிக் கிழித்திருக்கிறேன்.

நீ வாசல் வரை வந்து திரும்பியதில் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, இரண்டு நாள். அப்புறம் அவரிடம் சொன்னேன், "பதினோரு மணி நேரம் உக்காந்து வந்திருக்கா பாருங்க" என்று. எத்தனை தடவை சொன்னேனோ, "சரிம்மா, டிக்கெட்டக் கிழிச்சுக் குடுக்கவா?" என்றார்.

பாப்பாவுக்குக் கொப்புளம் காய்ந்துவிட்டதா? டாக்டரைக் கேள். அவர் சரி என்ற மறுநாள் கிளம்பு. போனில் வேண்டாம், நீ மறுபடி பேசாமல் வைத்துவிடுவாய். எனக்கு மருந்து இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், வீட்டில் ஆள் இருக்கிறது. எல்லோரும் இருந்தும் உன்னைத் தேடுகிறது, அக்கா. வந்துவிடு.

வாலு


ஜூலை 8
பஸ் நிலையம்

வாலு,

பஸ் கிளம்ப இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. டாக்டர் சரி என்றுவிட்டார், விடுதியில் ஒரு மாதம் விடுப்பு வாங்கிவிட்டேன். பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து, தம்பிக்கு எத்தனை பல் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒன்றும் இல்லை என்றால் நம்பமாட்டேன் என்கிறாள். வாயில் உன்னையே உரித்து வைத்திருக்கிறாள். உன்னை அவளுக்குத் தெரியாது என்று எழுதினேனே, அது பொய். அவளை முதலில் வளர்த்தது அவள் சித்தி என்று நான் சொல்லித்தான் வளர்த்தேன்.

நேரில் வந்தால் நான் ஒழுங்காகப் பேசமாட்டேன், உனக்குத் தெரியும். ஏன் இப்படி இளைத்திருக்கிறாய், ஜன்னலைத் திறந்து வைத்தால் என்ன, குழந்தையின் துணியை இப்படியா மடிப்பது என்றுதான் ஆரம்பிப்பேன். சொல்ல வேண்டியதை விட்டுவிடுவேன். அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் எழ முடியாமல் கிடந்த எட்டு மாதமும் என் குழந்தை உயிரோடு, குளித்து, பால் குடித்து, சிரித்து வளர்ந்தாள் என்றால் அது உன்னால். நீ சொன்னது ஒரு வார்த்தை. செய்தது எட்டு மாதம். அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு எட்டு மாதத்தைக் கீழே போட்டுவிட்டேன். உன் தோளிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு போன அன்று நீ தெருமுனை வரை பின்னாலேயே வந்தாய். எனக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் நான் திரும்பிப் பார்க்காத நாளே இல்லை.

நீ மன்னிப்புக் கேட்டுவிட்டாய். இது என்னுடையது.

இதை இங்கேயே தபால் பெட்டியில் போடுகிறேன். பஸ் நாளைக்கு வந்துவிடும், கடிதம் வர மூன்று நாளாவது ஆகும். தபால்காரர் வந்து கூப்பிட்டால் நீ எழுந்து வராதே. படுத்திரு. நானே போய் வாங்கிக்கொண்டு வந்து உன் கையில் தருகிறேன்.

அக்கா